பருத்திப் பொறி கண்ட ஈலை விட்னியின் சரிதம்

பருத்தியினின்று கொட்டையை வாங்குதல் எத்துணை வருத்தந் தரும் வேலையென்பதைக் கைராட்டினத்தில் நூல் நூற்ற குடும்பங்கள் நன்கறியும். நூற்பதற்கு முன் செய்யவேண்டிய இவ்வேலையே பெண்டிரின் பொழுதைப் பெரிதும் உண்டது. நம் நாட்டார் இதன்பொருட்டு, இரண்டு உருளைகளை நெருங்கப் பொருத்திக் கையாற் சுழற்றும் சிறு கருவியொன்றைப் பன்னூறு ஆண்டுகளாக வழங்கி வந்தனர். உருளைகளினிடையே பஞ்சு நுழைந்து செல்லும். கொட்டை நுழையமாட்டாது பின்னே விழும். இக்கருவிக்கு அடங்காத ஒருவகைப் பருத்தி அமெரிக்காவில் விளைந்தது. அதனை அடக்கிய ஒருவருடைய வாழ்க்கையை இத்திங்கள் எழுதப் புகுந்தோம். அவர் செய்த தொழில் பெரிது. அதனால் விளைந்த தீங்கும் பெரிது. ஆதலின் வெறும் புகழ்மாலை தொடுத்தல் நம் கருத்தன்று.

ஈலை விட்னி என்பார் 1765-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து வெஸ்ட்பரோ என்னும் ஊரில், ஓர் உழவர்க்கு மகனாகப் பிறந்தார். தந்தையார் உழவோடு மரவேலையும் அறிந்தவர். வீட்டின் அருகே ஒரு பட்டறை வைத்திருந்தார். மைந்தர்க்கு ஏரினும் பட்டறையே இனிதாயிற்று. பதினொரு வயதில் தாயை இழந்த அவர், உளியும் அரமுமே துணையாக வளர்ந்தார் என்னலாம். அக்காலத்து அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தோடு விடுதலைப் போர் புரிந்துகொண்டிருந்தமையால் இங்கிலாந்திலிருந்து ஆணி வருவது நின்றது. பதினான்கு வயதினரான விட்னி இதனைக் கண்டு, பட்டறையில் ஆணி அடித்து விற்கத் தொடங்கினார். போர் முடிந்து ஆணி மலிந்தவுடன், மாதர் தொப்பிகளிற் செருகும் ஊசிகள் செய்தலில் மாறிக்கொண்டார். ஊரார்க்கு எப்பொருள் முட்டுப்பட்டிருக்கின்றது என்று பார்த்து அதனைச் செய்துகொடுக்கும் இவ்வணிகக் கண், அவ்விளம்பருவத்திலேயே அவர்பால் இருந்தது.

கலாசாலைக் கல்வியில் அவர் வேட்கை கொண்டது சற்றுக் காலம் தாழ்த்தே. சிற்றன்னையார் அதனை விரும்பவில்லை, கைப்பொருளும் போதவில்லை. ஆகவே சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராயிருந்து, கிடைத்த சிறு ஊதியத்தை மிகுத்துவைத்துத் தாமும் பயின்று, 1789-ஆம் ஆண்டில் யேல் கலாசாலையிற் சேர்ந்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்து மூன்று; உடன் பயின்றோரிற் பலர் மீசை அரும்பாத சிறுவர். பள்ளி ஆசிரியரின் ஊதியத்தில் மிகுத்துவைத்தல் என்பது யாண்டும் எளிதன்று என்பதை அத்தொழிலிலுள்ள நாம் சொல்லாமலே அன்பர் உணர்வர்.

1792-இல் கல்வி முடித்தார். சட்டம் பயிலுதல் அவர் எண்ணம். அதற்குப் பொருள் வேண்டியிருந்தமையால், தென்கரோலினா மாகாணத்தில் ஒரு செல்வர் வீட்டில் ஆசிரியராயிருக்க இசைந்து கப்பலேறினார். அக்கப்பலில், விடுதலைப் போரிற் பெயர்பெற்ற சேனைத் தலைவர் நதானியேல் கிரீன் என்பாருடைய கைம்பெண்ணாகிய காதரைன் கிரீன் அம்மையாரும் சென்றார். கரை சேர்ந்தபின், பேசிய ஊதியத்திற் பாதியே தரப்படும் என்று தெரிந்தது. விட்னி அவ்வேலையை மறுத்துவிட்டு, அம்மையாரின் அழைப்பை ஏற்று, ஜார்ஜியா மாகாணத்துச் சவன்னா நகரையடுத்த மல்பெரித் தோப்பு என்னும் அவருடைய பண்ணையில் விருந்தினராகத் தங்கினார். பேசிய பொருளைக் குறைத்த அச்செல்வர், தாம் அறியாமலே தம் தேசத்தின் வரலாற்றை மாற்றினார் எனல் மிகையாகாது.

அப்பண்ணையை நடத்தி வந்தவர் பீனியஸ் மில்லர். அவரும் யேல் கலாசாலையிற் பயின்றவர். அங்கே வந்துபோகும் நிலக்கிழார்கள் ஒரு குறையையே பேசினர். கடலோரத் தீவுகளில் விளைந்த நீண்ட இழைப் பருத்தியின் கொட்டை வழுவழுப்பானது. உருளைக் கருவிக்கு எளிதில் அடங்கும். உள்நாட்டு மேட்டுநிலங்களிலோ குட்டையிழைப் பருத்தியே விளையும். அதன் பசுங்கொட்டை பஞ்சை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். ஓர் ஆள் நாள் முழுதும் விரலாற் பிய்த்தாலும் ஒரு ராத்தல் பஞ்சு தேறுவது அரிது. இங்கிலாந்தின் நூற்பாலைகளோ எவ்வளவு பஞ்சு வரினும் விழுங்கக் காத்திருந்தன. வீட்டிற் சிறு கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் வந்த விட்னியின் கைத்திறத்தைக் கண்டிருந்த அம்மையார், இக்குறையை அவர்பால் உரைக்குமாறு அவர்களை ஏவினார் என்பது வழிவழி வரும் செய்தி.

விட்னி சில நாட்களிலேயே ஒரு சிறு மாதிரி செய்தார். 1793-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பொறி உருப்பெற்றது. அதன் அமைப்பை அன்பர்க்கு விளங்கக் கூறுவோம். மரத்தாலான ஓர் உருளை. அதன்மேல் வளைந்த கம்பிப் பற்கள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அப்பற்கள் மட்டும் புகத்தக்க சந்துகளையுடைய தடுப்பொன்று உருளையையொட்டி நிற்கும். தடுப்பின் ஒரு புறத்தே கொட்டையோடு கூடிய பருத்தியை இட்டு உருளையைச் சுழற்றினால், பற்கள் சந்து வழியே சென்று இழையைக் கவ்வி மறுபுறம் இழுத்துவரும். கொட்டை சந்தினும் பெரிதாகலின் இப்புறமே உதிரும். இழுத்துவந்த பஞ்சு பற்களிற் சிக்கிக் கொள்ளாதபடி, எதிராகச் சுழலும் தூரிகை உருளை அதனை வாரி எடுத்துவிடும். இவ்வளவே. ஒருவர் கையாற் சுழற்றும் சிறு பொறியே நாளொன்றுக்கு ஐம்பது ராத்தல் பஞ்சு தந்தது. குதிரையோ நீரோட்டமோ சுழற்றும் பெரும்பொறி அதனினும் மிகுதியாகத் தந்தது.

விட்னியும் மில்லரும் கூட்டு வாணிகம் தொடங்கினர். 1794-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், பேடண்டு என்னும் தனியுரிமைச் சாசனமும் அரசாங்கத்தாரால் வழங்கப்பட்டது. இனிச் செல்வம் குவியுமென்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவர்கள் வாணிக முறையிற் பெரும் பிழை செய்தனர். பொறியை விற்பதில்லை, தாங்களே ஆங்காங்கு நிறுவிப் பஞ்சு எடுத்துக்கொடுத்து, விளைவில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூலியாகக் கொள்வது என்று விதித்தனர். கூலி கடுமையானது, பொறியோ கண்டார் எவரும் செய்துகொள்ளத்தக்க எளிமையுடையது. ஊர்க் கொல்லரும் தச்சரும் அதனைப் பார்த்துச் செய்துகொடுத்தனர். கம்பிப் பற்களுக்கு மாறாக வட்ட வாள்தகடுகளைப் பொருத்தி, ஹாட்ஜன் ஹோம்ஸ் என்பார் 1796-இல் வேறொரு சாசனமும் பெற்றார். போதாக்குறைக்கு 1795-இல் நியூஹேவன் நகரிலிருந்த விட்னியின் தொழிற்சாலை தீப்பற்றி, செய்து முடித்த பொறிகளோடு வெந்து சாம்பலாயிற்று.

வழக்குகள் தொடர்ந்தன. 1793-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லமைப்பிலேயே ஓட்டை இருந்தது. பிறர் கண்ட பொறியைச் செய்தும் பயன்படுத்தியும் இரண்டுமே புரிந்தவரையே அது குற்றவாளி ஆக்கியது. செய்தவர் வேறு, பயன்படுத்தியவர் வேறு என்றால் இருவரும் தப்பினர். சட்டமன்றத்தார் ‘உம்’ என எழுதிய இடத்தில் ‘அல்லது’ என எழுதியிருப்பின் விட்னி செல்வராயிருப்பார்! இடைச்சொல்லுக்குப் பொருளில்லை என்று சோம்பும் மாணாக்கர்க்கு நாம் இதனை எடுத்துக் காட்டுவதுண்டு. 1800-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 1801-இல் தென்கரோலினா அரசாங்கத்தார் 50,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொள்ள இசைந்தனர். பின்பு தயங்கி நிறுத்திப் பின்னரே கொடுத்தனர். அம்மையாரை மணந்து, அவருடைய உடைமையையும் இவ்வாணிகத்திற் பணயமாக வைத்த மில்லர் 1803-இல் இறந்தார். 1807-இல் ஜார்ஜியாவில் நீதிபதி வில்லியம் ஜான்ஸன் விட்னிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோது, சாசனத்தின் 14 ஆண்டுக் காலத்திற் பெரும்பகுதி கழிந்திருந்தது. புதுப்பித்துத் தருமாறு 1812-இல் அவர் செய்த விண்ணப்பத்தைக் காங்கிரஸ் சபை ஏற்கவில்லை. வந்த பொருளிற் பெரும்பகுதி வழக்குச் செலவிலேயே கரைந்தது.

இதுகாறும் விட்னிக்கு நேர்ந்த அநீதியைக் கூறினோம். இதனினும் ஆயிரமடங்கு பெரிய அநீதியொன்று அப்பொறியின் பின்னே வளர்ந்தது. அதனைக் கூறாது விடுதல் சரிதம் எழுதுவார்க்கு அறமாகாது. மல்பெரித் தோப்பில் உழைத்தவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் மக்களுமே. புகையிலை விலை தாழ்ந்து நிலமும் சாரமிழந்த அந்நாட்களில், அடிமை வழக்கம் தானே தேய்ந்தொழியுமென்று எண்ணினோர் பலர். பொறி வந்தது, மேட்டுநிலம் எல்லாம் பருத்தி நிலமாயிற்று. 1790-இல் அந்நாட்டில் விளைந்த பஞ்சு ஏறக்குறைய 15 இலட்சம் ராத்தல். 1800-இல் மூன்றரைக் கோடி ராத்தல். 1860-இல் ஏறக்குறைய 40 இலட்சம் பெரும்பேல்கள். கொட்டையை நீக்கப் பொறி உண்டு. விதைக்கவும் களைக்கவும் காயினின்று பறிக்கவும் கையன்றி வேறில்லை. 1790-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 7 இலட்சமாயிருந்த அடிமைகள், 1860-இல் 40 இலட்சத்தை அணுகினர். 1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொணர்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டமையால், பழைய மாகாணங்களிலிருந்தே மக்களை விலைக்கு வாங்கி அலபாமா, மிசிசிப்பி முதலிய புதுநிலங்களுக்கு ஓட்டிச் சென்றனர். அவ்வாறு பெயர்க்கப்பட்டோர் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர். கணவனை ஓரிடத்தும் மனைவியை மற்றோரிடத்தும் விற்றனர். தாயின் கையினின்று குழந்தையைப் பிரித்தனர்.

இதற்கு விட்னி பொறுப்பாளியா என்று அன்பர் வினவலாம். விதைத்தவரும் விற்றவரும் வாங்கியவரும் பிறரே. அவர் செய்யாதிருப்பின் வேறொருவர் செய்திருப்பர். உருளைக் கருவிகளைத் திருத்த முயன்றோர் அக்காலத்தே பலர் இருந்தனர். இவை உண்மையே. ஆயினும் அடிமைகளின் உழைப்பைத் தம் கண்ணாற் கண்டு, அப்பண்ணையின் உணவையே உண்டு, அப்பண்ணைகளின் விளைவிலேயே ஐந்தில் இரண்டு பங்கு கேட்டவர் அவர். அவ்வழக்கத்தை எதிர்த்து நின்றார் அல்லர். தம் உழைப்பின் பயனைப் பிறர் கவர்ந்தனர் என்று நீதிமன்றந்தோறும் முறையிட்டவர்க்கு, பயன் முழுவதையும் பிறப்பிலேயே இழந்தவர்களின் முறையீடு செவியில் ஏறாமற் போனது நமக்கு வியப்பும் வருத்தமும் தருகின்றது.

இப்பொறி நம் தமிழ்நாட்டிற்கும் வந்ததென்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருத்தல் இடரென்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனியார், 1840-இல் அமெரிக்கப் பருத்தித் தோட்டக்காரர் சிலரை இந்தியாவிற்கு வருவித்தனர். தாவர நூல் வல்ல டாக்டர் ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை கோயமுத்தூர்ப் பக்கத்தில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டு ஆராய்ந்தார். வாட்பற்களையுடைய அமெரிக்கப் பொறியும் கொணரப்பட்டது. நம் நாட்டுப் பருத்தியின் குட்டையிழையை அப்பற்கள் அறுத்துக் கெடுத்தன. நம் பழைய உருளை இழையைக் கெடுப்பதில்லை. வேகத்தில் அது வென்றது. இழையின் நலத்தில் இது வென்றது.

பருத்தியால் நொந்த விட்னி, 1798-இல் வேறு தொழிலிற் புகுந்தார். பிரான்சோடு போர் மூளுமென்று அஞ்சிய அமெரிக்க அரசாங்கத்தாரிடம், 28 திங்களில் 10,000 துப்பாக்கிகள் செய்து தருவதாக 1,34,000 டாலருக்கு ஒப்பந்தம் எழுதினார். அப்போது அவரிடம் தொழிற்சாலையும் இல்லை, தொழிலாளரும் இல்லை. துப்பாக்கி செய்த பழக்கமும் இல்லை! ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு கைவல்லான் தனித்தனியே இழைத்துப் பொருத்துவதே அந்நாள் வழக்கம்; ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தாது. உறுப்புக்களையெல்லாம் அச்சொத்தனவாகப் பொறிகளாற் செய்து, எதனையும் எதனோடும் பொருத்தலாம் என்பது விட்னியின் கொள்கை. நியூஹேவனை அடுத்த ஓர் ஆற்றருகே ஆலையமைத்து, தொழிலாளர்க்கு வீடுகளும் கட்டினார். அவ்விடம் விட்னிவில் எனப் பெயர் பெற்றது. 1801-இல் தலைநகர் சென்று, ஜான் ஆடம்ஸ், ஜெபர்ஸன் முதலிய தலைவர்கள் முன்னிலையில், குவித்துவைத்த உறுப்புக்களினின்று கைக்கு வந்தவற்றை எடுத்துப் பொருத்திக் காட்டினார்.

இக்காட்சியைப் பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் வியந்து பாடின. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் எஞ்சியிருக்கும் விட்னித் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது, உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை, தனித்தனி அடையாளமிடப்பட்டிருந்தன. அவர் தலைநகரிற் காட்டியவை அதற்கென்றே இழைத்தவை போலும். அவர்க்கு முன்னரே பிரான்சில் ஒனொரே பிளாங் என்பார் இக்கொள்கையைச் செய்து காட்டியதை ஜெபர்ஸன் கண்டிருந்தார். அமெரிக்காவில் இதனை உண்மையாகவே நிறைவேற்றியவர் ஜான் ஹால் முதலியோர். ஒப்பந்தமோ 28 திங்களில் முடியவில்லை. கடைசித் துப்பாக்கி 1809-இலேயே கொடுக்கப்பட்டது. ஆயினும் அரசாங்கத்தார் அவர்மேல் வைத்த நம்பிக்கை குலையவில்லை. 1812-இல் மேலும் 15,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் தந்தனர். பருத்தி தராத செல்வத்தை அவர்க்கு இத்தொழிலே தந்தது.

வழக்கிலும் தொழிலிலும் இளமை கழிந்தபின், 1817-இல், ஐம்பத்தோராம் வயதில் ஹென்றியெட்டா எட்வர்ட்ஸ் என்னும் மங்கையை மணந்தார். மக்கள் நால்வர் பிறந்தனர். கடைசி ஆண்டுகளில் நீரடைப்பு நோய் அவரைக் கடுமையாக வாட்டியது. அப்போதும் அவர் வாளாவிருந்திலர். அந்நோயைப் பற்றிய நூல்களைக் கற்று, தம் வேதனை தணிய வேண்டிய கருவிகளைத் தாமே அமைத்துக்கொண்டார். 1825-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8-ஆம் நாள் காலமானார்.

ஆலையை அவருடைய மருகர்கள் சில காலம் நடத்தினர். பின்பு அவர் பெயரையே தாங்கிய மைந்தர் ஏற்றார். சாமுவேல் கோல்ட்டின் சுழல் துப்பாக்கிகள் ஆயிரம் 1847-இல் அவ்வாலையிலேதான் செய்யப்பட்டன. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, தெற்கு மாகாணத்தார் தம் பருத்தியை நம்பினர்; வடக்கு மாகாணத்தார் தம் ஆலைகளை நம்பினர். 1865-இல் போர் முடிந்து, அடிமை வழக்கம் அரசியற் சட்டத் திருத்தத்தால் ஒழிந்தது. விட்னிவில்லில் ஆலை நின்ற இடம் இன்று ஒரு காட்சிச்சாலை. அங்கே பள்ளிச் சிறுவர்கள் மரத்தை அறுத்தும் ஆணி அடித்தும் தம் கையாலே விளையாட்டுப் பொருள்கள் செய்து பழகுகின்றனர்.