மூளை மருத்துவர் பா. இராமமூர்த்தி

நம் உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பின்னர் மந்திரிக்க அழைத்துச் செல்வதும் நாம் கண்ட காட்சிகளே. அந்த வலிப்புக்குக் காரணம் பல நேரங்களில் காசநோய் என்று சொன்னால் நம்புவோர் சிலரே. காசம் நுரையீரலோடு நிற்பதன்று. நுரையீரலிலுள்ள கிருமி இரத்தத்தின் வழியே மூளைக்குச் சென்று தங்கிவிடுவதுண்டு. உடல் அதனைச் சுற்றி வேலியிடுகிறது. வேலிக்குள் கட்டி வளர்கிறது. தலைவலி, வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல் எல்லாம் அதன் விளைவுகள். மேலை நாடுகளில் அரிதாகிப்போன இந்நோய், சென்னையில் மூளைக் கட்டிகளுள் பெரும்பங்கு வகித்தது. அதனுடன் வாழ்நாள் முழுதும் போராடியவர் டாக்டர் பா. இராமமூர்த்தி.

1922ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1947இல் எடின்பரோவில் அறுவை மருத்துவத்தின் உயர் பட்டம் பெற்றார். நியூகாசிலில் ரோபாதம் என்ற அறுவை மருத்துவரிடம் மூளை அறுவை கற்றார். 1950இல் தாயகம் திரும்பிச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அப்போதுதான் அப்பணியைத் தொடங்கியிருந்தார். இருவரும் பல்தேவ் சிங், எஸ். டி. நரசிம்மன் ஆகியோரும் கூடி 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

அன்று தலைக்குள் எட்டிப்பார்க்க ஸ்கேன் கிடையாது. மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தியும், கழுத்து இரத்தக்குழாயில் மருந்து செலுத்தியும் எக்ஸ்ரே எடுப்பார்கள். கட்டி இருக்குமிடம் ஓரளவு தெரியும். அது காசமா, புற்றா என்பது தெரியாது. அறுத்தெடுத்து நுண்பெருக்கியில் பார்த்த பின்பே விடை கிடைக்கும். அதிலும் ஓர் ஆபத்து. காசக் கட்டியில் கத்தி பட்டால் கிருமி மூளை உறை முழுதும் பரவி நோயாளி மாண்டு போவார் என்பதே பழைய மருத்துவரின் அனுபவம். ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியசிடும் வந்த பின்னரே இந்த அச்சம் தணிந்தது. இராமமூர்த்தி சென்னை திரும்பியது சரியாக இந்தத் திருப்புமுனையில்தான். நோயாளியின் குறிகளையும் எக்ஸ்ரே படங்களையும் ஒப்பிட்டு, கத்தி வைப்பதற்கு முன்பே இக்கட்டியை இனங்காண்பது எப்படி என்று ஆராய்ந்து, 1961இல் எம். ஜி. வரதராசனுடன் கட்டுரை வெளியிட்டார். அவருடைய சாதனைகளுள் இதையே நான் முதலில் வைப்பேன்.

டாக்டர்கள் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் ஆகியோருடன் மூளையின் ஆழத்தில் ஊசி செலுத்தும் அறுவையையும் அவர் வளர்த்தார். கைநடுக்க நோயாளிகள் பலர் அதனால் பயனடைந்தனர். ஆனால் கட்டுக்கடங்காத முரட்டுத்தனத்துக்கும் அதே அறுவை செய்யப்பட்டதை இன்றைய மருத்துவ உலகம் எளிதில் ஏற்பதில்லை. பெரியவர் என்பதற்காக இதை மறைப்பானேன்?

1970களில் பொது மருத்துவமனையில் நரம்பியல் நிலையம் உருவாயிற்று. பின்னர் அடையாற்றுத் தன்னார்வ மருத்துவச் சேவை மருத்துவமனையில் ஆசண்ட இலட்சுமிபதி பெயரால் அமைந்த நரம்பியல் மையத்தை அவர் வளர்த்தார். பத்மபூஷண் விருதும் பெற்றார்.

ஸ்கேன் வந்தபின் காட்சியே மாறிற்று. பெரும்பாலான காசக் கட்டிகள் கத்தியின்றி மாத்திரையாலேயே கரைகின்றன. ஓராண்டோ அதற்கு மேலுமோ மருந்தை விடாமல் உண்ண வேண்டும். தொடக்கத்தில் சிலருக்குக் கட்டி பெருப்பதும் உண்டு. மருந்து பலிக்கவில்லை என்று பதறி நிறுத்துவது பெருந்தவறு. ஸ்கேனில் தெரியும் சிறு வளையங்கள் எல்லாம் காசமல்ல என்பதும் பின்னர் தெரிந்தது. அவற்றுட் பல நாடாப்புழுவின் முட்டையால் வருபவை என வேலூர் மருத்துவர்கள் நிறுவினர். சரியாகக் கழுவாத காய்கறி வழியே அம்முட்டை சைவ உணவினருக்கும் வரும்.

2003 திசம்பர் 13இல் இராமமூர்த்தி மறைந்தார். அவர் தொடங்கிய பிரிவு இருக்கும் மருத்துவமனை, உத்திரமேரூரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத் தொலைவுதான். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.