தாமஸ் மன்றோவும் தொழுமரமும்

படிப்புக்கும் வழக்குக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் சென்னைக்கு வரும் நம் தோழர்கள் பலர், தீவுத்திடல் அருகே உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலையைக் கடந்தே கோட்டைப் பக்கம் செல்கிறார்கள். 1839இல் நிறுவப்பட்ட சிலை அது. குதிரைக்குச் சேணமும் அங்கவடியும் இல்லாமல் போனது ஏன் என்பதைப் பற்றி ஊரில் ஆயிரம் கதைகள் உண்டு. குதிரை மீது அமர்ந்திருக்கும் மனிதர் நம் முன்னோரின் உடலுக்கு என்ன செய்தார் என்பது குறித்து ஒரு கதையும் இல்லை.

தாமஸ் மன்றோ 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1780இல் கம்பெனிப் படையில் இளம் வீரராகச் சென்னையில் இறங்கி, ஹைதர் அலிக்கு எதிரான போரில் பங்கேற்றார். 1792இல் பாராமஹால் கம்பெனி வசம் வந்தபோது கர்னல் ரீடின் உதவியாளராக இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகளில் நிலவரி வசூலிக்கச் சென்றார். ரயத்துவாரி முறை உருவான இடம் அதுவே. பின்னர் கன்னட நாட்டிலும், 1800 முதல் 1807 வரை இன்று ராயலசீமை எனப்படும் பகுதியிலும் கலெக்டர் பணி. குடியானவர்களின் காவலர் என்ற புகழ் அங்கே அவருக்கு உண்டாயிற்று. குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்களும் இருந்தன. அந்தப் புகழ் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பட்டா பெற்றவரே அந்த ஏற்பாட்டில் குடியானவர். அவருடைய நிலத்தில் ஏர் ஓட்டியவருக்குக் கணக்கில் பெயர் கிடையாது.

நிலவரி மன்றோவைப் பற்றிப் பாடநூல்கள் நிறையச் சொல்கின்றன. நம் கவனத்துக்குரியவர் நீதி மன்றோ.

1802இல் கம்பெனி வங்காள மாதிரியில் ஜில்லா நீதிமன்றங்களையும், தரோகாக்கள் என்னும் சம்பளக் காவல் அதிகாரிகளையும் சென்னை மாகாணத்தில் ஏற்படுத்தியது. வழக்குகள் தேங்கின, தரோகாக்கள் மீது மக்களுக்கு வெறுப்பு வளர்ந்தது. 1807இல் இங்கிலாந்து திரும்பிய மன்றோ, நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்து, இந்த ஏற்பாடு இந்நாட்டுக்கு அந்நியமானது என்று இயக்குநர்களை நம்ப வைத்தார். நீதித்துறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக 1814இல் திரும்பி வந்தார். சென்னை அரசு முட்டுக்கட்டை போட்டும், 1816இல் அவர் விரும்பிய ஒழுங்குவிதிகள் நிறைவேறின. தரோகாக்கள் நீக்கப்பட்டனர். மாஜிஸ்திரேட் அதிகாரம் நீதிபதியிடமிருந்து கலெக்டருக்கு மாறியது. 10 ரூபாய் வரையுள்ள உரிமை வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தைக் கிராம முன்சீப் பெற்றார். காவலும் சிறு குற்ற விசாரணையும் கிராமத் தலைவரின் கைக்கு வந்தன.

அந்த ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதியில்தான் நம் கதை இருக்கிறது. வசவு, சிறு கைகலப்பு போன்ற குற்றங்களைக் கிராமத் தலைவரே விசாரித்துத் தண்டிக்கலாம் என்றது அது. குற்றவாளியைக் கிராமச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். அவர் தாழ்ந்த சாதியாராக இருந்து, இழிவான தண்டனை அவருக்குத் தகாததாக இல்லையென்றால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். குற்றம் ஒன்றே; ஒருவருக்குச் சுவர், மற்றவருக்குக் காலைக் கவ்வும் மரக்கட்டை. சாதிப் பட்டியல் எதையும் விதி தரவில்லை. எவருடைய மானம் மானமாகக் கருதப்படத் தக்கது என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஊர்த் தலைவரிடமே விட்டுவிட்டது. 1821இல், மன்றோ ஆளுநராக இருந்தபோதே, ஒரு ரூபாய்க்கு மேற்படாத சிறு திருட்டுகளும் அவரது அதிகாரத்துக்குள் சேர்க்கப்பட்டன. ஒரு முறம் கம்பு, ஒரு கோழி, களத்து மேட்டில் மடியில் கட்டிய கொஞ்சம் தானியம்: கூலி குறைந்த வீட்டில் நிகழும் குற்றங்கள் இவை.

இதைப் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் வைத்துப் பார்ப்போம். 1801இல் நவாபின் நாடு கம்பெனியிடம் வந்தபோது இந்தப் பகுதி திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்ந்தது. அதற்கு முன் அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களே காவலையும் அதற்கான வரியையும் கையில் வைத்திருந்தனர். பெரம்பலூரின் கரிசல் காட்டிலிருந்து கலெக்டர் இருந்த திருச்சிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கால்நடையாக இரண்டு நாள். சேரியிலிருந்து ஒருவர் கூலியை இழந்து அவ்வளவு தூரம் நடந்து முறையிட முடியுமா? அவருக்குச் சர்க்கார் என்பதே மணியக்காரர்தான். மணியக்காரர் நிலவுடைமைச் சாதியார். பெரும்பாலும் பரம்பரையாக அப்பதவிக்கு வந்தவர். புகார் கொடுத்தவர் அவருடைய பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருக்கக்கூடும். ஆளைப் பிடித்து வரும் வெட்டியானோ தலையாரியோ பல ஊர்களில் சேரியைச் சேர்ந்தவரே. தன் உறவினனின் காலைத் தொழுவில் பூட்டும் வேலையும் இப்படி நம்மவர் தலையிலேயே விழுந்தது.

மன்றோவுக்கு இது தெரியாதா? 1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை குறித்துக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டது. பள்ளர், பறையர் பண்ணையாட்கள் விற்கப்படுவதும் அடகு வைக்கப்படுவதும் தமிழ் ஜில்லாக்களிலிருந்து எழுத்தில் வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டே அவர் ஆளுநர். ஆண்டையும் அடிமையும் ஒரே ஊரில் இருக்க, ஊரை ஒரு குடும்பமாகக் கண்டது அவருடைய அரசியல் பார்வை. அவர் கொடியவராக இருந்திருந்தால் நம் வேலை எளிது. உள்ளூர் மக்களை நம்பிய நேர்மையான அதிகாரி அவர். அந்த மக்கள் கணக்கில் நாம் சேரவில்லை.

அதே காலத்து அயர்லாந்தைப் பாருங்கள். அங்கும் சிறு குற்றங்களை விசாரித்தவர்கள் உள்ளூர் நிலக்கிழார்களே; குத்தகை விவசாயிகளுக்கு அவர்களிடம் நம்பிக்கை இருந்ததில்லை. 1814இல் ராபர்ட் பீல் சம்பள மாஜிஸ்திரேட்டின் கீழ் இயங்கும் தனிக் காவல் படையை அங்கே உருவாக்கினார். ஏழைகள் மீதான இரக்கம் அதற்குக் காரணமில்லை. கலகத்தை அடக்குவதே நோக்கம். எனினும் அங்கே நிலக்கிழாருக்கு மேலே சம்பள அதிகாரி வைக்கப்பட்டார். இங்கே சம்பள அதிகாரியை நீக்கி ஊர்ப் பெரியவரிடம் கோல் கொடுக்கப்பட்டது.

வரி வசூலும் காவலும் ஒரே கையில் சேர்ந்ததன் விளைவு 1855இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை ஆணைய அறிக்கையில் தெரிந்தது. விரல்களை நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாளும் வரிப்பாக்கிக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் பயன்பட்டதை அது பதிவு செய்தது. 1859இல் தனிக் காவல்துறைச் சட்டம் வந்தது. 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் சாதிக்கொரு தண்டனை இல்லை. ஆயினும் 1816இன் தொழுமரம் அதற்குப் பிறகும் மாகாணச் சட்டத்தில் நீடித்தது.

இவை எவற்றையும் காண மன்றோ இல்லை. பதவி விலகி ஊர் திரும்பும் முன், தாம் முன்பு கலெக்டராக இருந்த பகுதிகளுக்கு விடைபெறச் சென்றார். வழியில் பத்திகொண்டாவில் காலரா கண்டு, 1827 ஜூலை 6ஆம் நாள் இறந்தார். அவர் நினைவாகச் சத்திரமும் கிணறும் எழுந்தன. பின்னர் சென்னையில் குதிரைச் சிலை.

அவர் பலப்படுத்திய பரம்பரைக் கிராம அதிகாரம் மேலும் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தது. தமிழக அரசு 1980 நவம்பர் 14ஆம் நாள் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. பதவி இழந்தவர்கள் உச்சநீதிமன்றம் வரை சென்றனர், 1982இல் தோற்றனர். அதற்குப் பின் பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் முதன்முறையாக, தேர்வு எழுதி வந்த நம் பிள்ளைகள் சிலர் கிராம நிர்வாக அலுவலராக அந்தச் சாவடித் திண்ணையில் ஏறி அமர்ந்தனர்.