குரல் கெட்டவர் குரலைக் கண்ட கதை

நம் பழைய மாணவர்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள், வக்கீல்கள், மேடைப் பேச்சாளர்கள். தொண்டையை நம்பித்தான் பிழைப்பு. அது ஒருநாள் கட்டிக்கொண்டால்தான் குரலின் அருமை தெரியும். அந்த அருமையை இளம் வயதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவர் மானுவல் கார்சியா.

1805 மார்ச் 17-ல் பிறந்த ஸ்பெயின் நாட்டுக்காரர். சங்கீதக் குடும்பம். அப்பா ஐரோப்பாவில் பேர்போன இசை நாடகப் பாடகர். தங்கைகள் மரியா மாலிப்ரான், பாலின் வியார்டோ இருவரும் பின்னாளில் கொடிகட்டிப் பறந்தவர்கள். 1825-ல் குடும்பமே கப்பலேறி நியூயார்க் போய் இத்தாலிய இசை நாடகங்களை நடத்தியது. மானுவலும் பாடினார். பக்குவப்படாத குரலை ஓய்வில்லாமல் வேலை வாங்கினால் என்ன ஆகும்? குரல் கெட்டது. சின்ன வயதிலேயே மேடையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.

வேறொருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். இவரோ, குரல் எப்படி உண்டாகிறது, ஏன் கெடுகிறது என்று தேடப் புறப்பட்டார். ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக் குரல்வளையின் அமைப்பைப் படித்தார். பிறகு பாரிஸில் பாட்டு வாத்தியாரானார். 1840-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் மனிதக் குரல் பற்றிய ஆய்வைச் சமர்ப்பித்தார்.

1841-ல் ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட், பாடிப் பாடிக் களைத்துப்போன குரலோடு இவரிடம் வந்தார். கார்சியா உடனே பாடம் எடுக்கவில்லை. சில வாரம் பாடவே கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். குரல் தேறிய பிறகே பாடம். பிற்காலத்தில் அந்தப் பெண்ணின் பாட்டைக் கேட்க ஐரோப்பாவும் அமெரிக்காவும் திரண்டன.

ஆனாலும் ஒரு குறை. உயிருள்ள மனிதன் பாடும்போது குரல்நாண்கள் எப்படி அசைகின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டுமே! அதற்கு முன்பே சிலர் முயன்றும் சரிப்பட்டு வரவில்லை. 1854-ல் பாரிஸில் உலாவும்போது ஜன்னல் கண்ணாடியில் வெயில் பளிச்சிட்டது. சட்டென்று யோசனை பிறந்தது. நேரே கடைக்குப் போய் பல் டாக்டரின் நீளக் காம்புக் கண்ணாடியை வாங்கினார். ஆவி படியாமலிருக்க வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, உள்நாக்கருகே வைத்தார். கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பினார். அவ்வளவுதான், தன் குரல்நாண்களே கண்ணெதிரே! மூச்சு விட்டால் விலகுகின்றன, ஒலி எழுப்பினால் நெருங்கி அதிர்கின்றன.

1855-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதுபற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் டூர்க், செர்மாக் என்ற இரு மருத்துவர்கள் இம்முறையை நோயாளிகளிடம் பயன்படுத்தினார்கள். குரல்நாண் கட்டி, வாதம், புற்றுநோய் எல்லாம் நேரில் தெரிய ஆரம்பித்தன. தொண்டை மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது. டாக்டருக்குப் படிக்காத இவருக்கு 1862-ல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது.

1905-ல் லண்டனில் இவருடைய நூறாவது பிறந்தநாளை டாக்டர்களும் பாடகர்களும் சேர்ந்து கொண்டாடினார்கள். 1906 ஜூலை 1-ல், 101 வயதில் மறைந்தார்.

இன்று மெல்லிய கேமரா குழாய்கள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தச் சின்னக் கண்ணாடி மறைந்துவிடவில்லை. நண்பர்களே, தொண்டைக் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகுக் கஷாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். கார்சியாவுக்குத் தன் தொண்டையைக் காட்ட அன்று ஆளில்லை. நமக்கு இருக்கிறார்கள்.