அய்யா வைகுண்டர்

அய்யா வைகுண்டர் (1809 - 1851) திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில் வாழ்ந்த சமய, சமூகச் சீர்திருத்தவாதி ஆவார். சாதியின் பெயரால் மக்களின் உடையையும் வழியையும் நீர்நிலைகளையும் பிரித்து வைத்த அரச ஆணைகளையும் வழக்கங்களையும் இவர் எதிர்த்தார். அய்யாவழி இவரது போதனைகளிலிருந்து தோன்றியது.

இளமை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் சாமிதோப்பில் பொன்னு நாடார், வெயிலாள் அம்மையார் ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். நாடார் குலத்தவருக்கு இப்பெயர் தகாது என உயர்சாதியினர் எதிர்த்தமையால், அது முத்துக்குட்டி என மாற்றப்பட்டது.

அக்காலச் சூழல்

அகத்தீசுவரம் முதல் திருவட்டாறு வரையிலான தென் திருவிதாங்கூரில் நாடார், ஈழவர், புலையர் முதலியோர் பெருங்கோயில்களில் நுழைய இயலாது. குடை பிடிப்பதும் செருப்பு அணிவதும் அவர்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தன. ஆண்கள் தலைவரி செலுத்தியதுடன் கூலியின்றி ஊழியமும் செய்தனர். 1829 ஆம் ஆண்டு அரசாணை, நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணிவதைத் தடுத்தது.

பணிகள்

1833 இல் திருச்செந்தூர் சென்று கடலில் நீராடிய இவர், வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை. ஊர் திரும்பியபின், தம்மைப் பின்பற்றிய ஆண்கள் தலைப்பாகை அணிந்து வழிபடும் முறையை ஏற்படுத்தினார். சாமிதோப்பில் முத்திரிக் கிணறு என்னும் பொதுக்கிணற்றை அமைத்து, எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீர் எடுக்கச் செய்தார். ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கத்தையும் நிழல் தாங்கல்களையும் தோற்றுவித்தார்.

சிறைவாசம்

மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைக்கப்பட்டார். 1839 இல் விடுதலையானபின் தம் பணியைத் தொடர்ந்தார்.

மறைவுக்குப் பின்

1851 சூனில் இவர் மறைந்தார். 1859 சூலை 26 அன்று வெளியான அரசாணை, நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைந்தது. எனினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற வேறுபாட்டை நீக்கவில்லை. 1936 நவம்பர் 12 அன்று வெளியான கோயில் நுழைவு அறிவிப்புக்குப் பின்னரே திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் முதலிய அரசுக் கோயில்கள் அனைத்துச் சாதி இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பலசாதி மக்கள் ஒன்றாக நீர் எடுத்த முத்திரிக் கிணறு, சாமிதோப்பில் இன்றும் உள்ளது.