முன்னோர் விட்ட பழி

ரசாயனம் பயிலும் எனக்கு நாவலாசிரியரிடம் என்ன வேலை என்று அறைத்தோழர் கேலி செய்தார். நதானியல் ஹாதார்னின் வரலாற்றைப் படித்தபின் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

1804-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் சேலத்தில் பிறந்தார். நம் சேலமன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலுள்ள சேலம். கப்பல் தலைவரான தந்தை 1808-இல் இறந்தார். பையனுக்கு ஒரு பழியும் சொத்தாக வந்தது. 1692-இல் சூனியம் வைத்ததாகக் குற்றஞ்சாட்டி, அவ்வூரில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள் பியூரிட்டன்கள். விசாரித்த நீதிபதிகளுள் ஒருவரான ஜான் ஹாதார்ன், இவருடைய பாட்டனாரின் பாட்டனார். இளமையில் நதானியல் தம் குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டார். எழுத்தைக் கூட்டினால் பழி கழியுமா?

1849-இல் ஆட்சி மாறியதும் சுங்கச் சாவடி உத்தியோகம் போயிற்று. சில வாரங்களில் தாயாரும் மறைந்தார். அத்துயரிலே உருவாகி 1850-இல் வெளிவந்ததே 'செவ்வெழுத்து' என்னும் நாவல். கற்பு தவறினாள் என்று ஹெஸ்டரின் மார்பில் சிவப்பு எழுத்தை அணிவிக்கிறது ஊர். அதை ஊரறியத் தாங்கிய அவள் நிமிர்ந்து நிற்கிறாள். தன் பங்கை மறைத்த பாதிரியாரோ உள்ளுக்குள் உருக்குலைகிறார். நூலின் முகப்பிலேயே, முன்னோர் செய்த கொடுமைக்கான வெட்கத்தை ஆசிரியர் தாமே ஏற்றுக்கொண்டார்.

ஆனால், தம் காலத்து அடிமை முறையை அவர் அதே கூர்மையுடன் பார்க்கவில்லை. 1864-இல் காலமானார்.

தோழர்களே, ஊர்விட்டு வந்த நாம் சங்கக் கூட்டங்களில் முன்னோர் பெருமை பேசுகிறோம். அவர்கள் வளர்த்த தீண்டாமைக்கும் நாம்தாமே வாரிசுகள்?