ஆய்வேடு 'ஜஸ்ட் பாஸ்'... பிறகு நோபல்! அர்ஹீனியஸ் மெண்டலீவை எதிர்த்தது ஏன்?

அமிலம், காரம் பாடம் படித்தவர்களுக்கு அர்ஹீனியஸ் பெயர் ஞாபகம் இருக்கும். தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம் என்று விளக்கியவர் அவர்தான். ஆனால் அந்த அயனிக்காக அவர் பட்ட பாடும், பிறகு இன்னொரு மேதையை அவர் படுத்திய பாடும் பாடப்புத்தகத்தில் வராது.

யார் இவர்?

ஸ்வாந்தே அர்ஹீனியஸ், 1859 பிப்ரவரி 19 அன்று ஸ்வீடனின் உப்சாலா அருகே பிறந்தார். உப்சாலா பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1881-ல் ஸ்டாக்ஹோம் போய் இயற்பியலாளர் எரிக் எட்லண்டிடம் ஆய்வில் இறங்கினார்.

அவரைக் குடைந்த கேள்வி சிம்பிளானது. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் கிட்டத்தட்ட பாயாது. காய்ந்த உப்பிலும் பாயாது. ரெண்டையும் கலந்தால் மட்டும் எப்படிப் பாயுது?

மின்சாரம் செலுத்தினால்தான் கரைசலில் அயனிகள் உருவாகும் என்பது அன்று பரவலாக இருந்த நம்பிக்கை. இல்லை, கரையும்போதே உப்பு அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார் அர்ஹீனியஸ். 1884-ல் சமர்ப்பித்த ஆய்வேட்டில் விதை போட்டு, 1887-ல் முழுக் கொள்கையாக வெளியிட்டார்.

ஏன் நம்பவில்லை?

சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். குளோரின் நச்சு வாயு. இந்த ரெண்டும் உப்புத் தண்ணீரில் சாதுவாகத் தனித்தனியே மிதக்குதா என்று கேட்டார்கள். உப்சாலா பேராசிரியர்களுக்கும் ஆய்வேடு பிடிக்கவில்லை. கிடைத்தது மிகக் குறைந்த தரம். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலைக்கான வாய்ப்பே கேள்விக்குறியானது.

அவர் ஓயவில்லை. ஆய்வேட்டை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். அதைப் படித்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் ரீகாவிலிருந்து உப்சாலாவுக்கே நேரில் வந்துவிட்டார்! நிலைமை மாறியது. ஜஸ்ட் பாஸ் ஆன அதே ஆய்வின் தொடர்ச்சிக்கு 1903-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

மெண்டலீவ் விவகாரம்

1869-ல் தனிம வரிசை அட்டவணையைத் தந்த ரஷ்யாவின் மெண்டலீவ், அர்ஹீனியஸின் அயனிக் கொள்கையை விமர்சித்தவர். 1906-ல் வேதியியல் நோபல் குழு அவர் பெயரைப் பரிந்துரைத்தது. ஆனால் இறுதி முடிவு ஸ்வீடிஷ் அறிவியல் அகாடமியின் கையில். அங்கே செல்வாக்கோடு இருந்த அர்ஹீனியஸ், அட்டவணை ரொம்பப் பழைய கண்டுபிடிப்பு என்று எதிர்த்தார். பழைய விமர்சனத்தின் கசப்பும் ஒரு காரணம் என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரின் கருத்து. பரிசு பிரான்ஸின் மொய்சானுக்குப் போனது. அடுத்த ஆண்டே மெண்டலீவ் இறந்துவிட, நோபல் அவருக்குக் கிடைக்காமலே போனது.

யார் சரி?

ரெண்டு பேருமே! 1897-ல் எலக்ட்ரான் கண்டறியப்பட்டு, பின்னர் அணுவின் அமைப்பு புரிந்தபோது விடை தெளிவானது. அட்டவணையின் முதல் தொகுதியில் இருக்கும் சோடியத்திடம் 11 எலக்ட்ரான்கள். வெளிக்கூட்டில் இருக்கும் ஒன்றை இழந்தால் அது நேர் அயனி. 17-ம் தொகுதியில் இருக்கும் குளோரினுக்கு வெளிக்கூடு நிரம்ப ஒன்று குறைவு. அதை வாங்கிக்கொண்டால் எதிர் அயனி. அணுவாக இருக்கும்போது ஆட்டம் போடும் தனிமம், அயனியானதும் அடங்கிப்போவது இதனால்தான்.

அதாவது, எந்த அணு எந்த அயனியாகும் என்பதற்கான விடை மெண்டலீவின் அட்டவணையிலேயே இருந்தது. அர்ஹீனியஸ் 1927 அக்டோபர் 2 அன்று காலமானார். மெண்டலீவ் பெயர் பின்னாளில் 101-வது தனிமத்துக்குச் சூட்டப்பட்டது: மெண்டலீவியம்.