சொந்த மனையும் மறுநாள் உலையும்: தென்காசியிலிருந்து அய்யன்காளியை வாசித்தல்

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை சில கிலோமீட்டர் தொலைவுதான். 1956 நவம்பர் 1 வரை அந்தச் சிறு தொலைவுக்குள் இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில் இருந்தன. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆகவே ஸ்ரீமூலம் பிரஜா சபையில் எழுந்து நின்று அய்யன்காளி நிலம் கேட்டபோது, அந்தக் கோரிக்கை இன்றைய தென்காசி மாவட்டத்தின் ஒரு பகுதிக்கும் உரியதாக இருந்தது. அவரை மலைக்கு அப்பாலுள்ள தலைவராக மட்டுமே கருதும் வழக்கத்தை நாம் கைவிடவேண்டும்.

1863 ஆகஸ்ட் 28 அன்று திருவனந்தபுரத்திற்குத் தெற்கே வெங்ஙானூரில் அவர் பிறந்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. சட்டம் மாறியது, குடிசை மாறவில்லை. புலையர் எனப்பட்ட மக்கள் ஜன்மியின் நிலத்தில், ஜன்மியின் தயவில் குடிசை போட்டு வாழ்ந்தனர். கூலி போதாது என்று சொன்னால் அன்றே குடிசை போகும். ஆனால் அய்யன்காளியின் தந்தை அய்யனுக்குச் சிறிது சொந்த நிலம் இருந்தது. வரலாற்றை எழுதுவோர் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நமக்கோ இதுவே தொடக்கப்புள்ளியாகத் தெரிகிறது. 1893இல் தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டிச் சென்ற துணிவைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். அந்த வண்டியையும் இரண்டு காளைகளையும் வாங்க ஒரு குடும்பத்திடம் பணம் இருந்தது என்பதையும், அவரைத் தண்டிக்க எந்த ஜன்மியாலும் அவர் வீட்டைப் பிடுங்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் தோன்றியது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளிகள் அறிவித்தனர். கூலியும் ஓய்வும் கோரிக்கைகளில் இருந்தன, முதன்மையானது பள்ளிக்கூடம். தம் கல்விக்காக, எழுத்தறியாத ஒருவரின் தலைமையில், வேளாண் கூலிகள் நடத்திய வேலைநிறுத்தம் அது. வயல்கள் தரிசாயின. பட்டினி போட்டால் பணிந்துவிடுவார்கள் என்று நிலவுடைமையாளர்கள் காத்திருந்தனர்.

அய்யன்காளி விழிஞம் கடற்கரைக்குப் போனார். மீனவர்களோடு பேசி, அவர்களுடைய படகுகளில் தம் மக்களைத் தொழிலுக்குச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். மீன்பிடிப்பில் கிடைத்த பங்கு அடுப்பை எரியவைத்தது, வேலைநிறுத்தமும் நீடித்தது. பொருளாதாரத் தற்சார்பு என்று நாம் இன்று கருத்தரங்குகளில் பேசுவதை அவர் ஒரு கடற்கரையில் செய்து முடித்தார். மறுக்கும் உரிமை இருந்தால் மட்டும் போதாது, மறுத்த மறுநாள் உலை வைக்க அரிசி வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். இறுதியில் நிலவுடைமையாளர்கள் உடன்பாட்டுக்கு இறங்கிவந்தார்கள்.

1911இன் இறுதியில் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்ட அவர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே திரும்பத் திரும்பக் கேட்டவற்றில் முதலிடம் மனைக்கும் நிலத்திற்கும்தான். அரசின் தரிசான புதுவல் நிலத்தைத் தம் மக்களுக்குப் பதிவு செய்து தரும்படி கேட்டார். நெய்யாற்றின்கரை வட்டத்தின் விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஆனால் ஆணை ஒன்று, அளவை வேறு. வருவாய் அலுவலர்கள் இழுத்தடித்தனர். ஒதுக்கிய இடங்களைப் பிறர் வளைத்துக்கொண்டனர். அவற்றை எதிர்த்தும் அவர் சபையில் முறையிட்டார். பட்டா கையில் இருந்தும் கிராமக் கணக்கில் பெயர் ஏறாத குடும்பங்களுக்காக வட்டாட்சியர் அலுவலகப் படியேறும் நம் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

மலைக்கு இப்பாலும் நிலைமை வேறாக இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையும் மனையில்லாமையையே அடிமைத்தனத்தின் பிடியாகக் கண்டது. 1892இல் வந்த பஞ்சமி நில ஆணை அதன் விளைவு. அந்நிலங்களில் எவ்வளவு கைமாறிப்போயின என்பது தனி வழக்கு.

அய்யன்காளி நிலத்தோடு நிறுத்தவில்லை. சங்கத்தின் சார்பில் சமூக நீதிமன்றம் நடந்தது. தம் மக்களின் பிணக்குகள் ஜன்மியின் திண்ணைக்குப் போகவேண்டிய தேவை குறைந்தது. 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூர் வந்தபோது அவர் முன்வைத்த விருப்பம், தம் சமூகத்தில் பத்துப் பட்டதாரிகளைக் காணவேண்டும் என்பதே. கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்து இரண்டே மாதம் ஆகியிருந்த நேரம் அது என்பதைக் கவனிக்கவேண்டும். 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார்.

1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தம், குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை குடிசை மனையை வாங்கும் உரிமை தந்தது. செங்கோட்டை அதற்குள் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டதால் அந்தச் சட்டம் இங்குள்ளோரைத் தொடவில்லை. இங்கே 1971ஆம் ஆண்டின் குடியிருப்புதாரர் உரிமைச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளர் வாழும் மனையை அவருக்கே உரிமையாக்கும் அந்தச் சட்டத்தை நம் சட்டக் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் தொகுப்பு வீட்டுக் குடியிருப்புகளில் இன்று கூரை கான்கிரீட்டாகிவிட்டது. வருமானம் மட்டும் சாரல் பருவத்தோடு வந்து அதனோடு போகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடையிலும் விடுதியிலும் வேலை. அருவியில் நீர் குறைந்தால் நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை. அரசு ஒப்படைத்த மனையில் விற்கவோ அடகு வைக்கவோ தடை உண்டு. அத்தடை நிலத்தைக் காக்கிறது. நாம் அதை நீக்கக் கேட்கவில்லை. ஆனால் அடமானம் வைக்க முடியாத வீட்டுக்காரருக்குத் தாட்கோ கடனும் கூட்டுறவுக் கடனும் பிணையின்றிக் கிடைக்க வழிசெய்யாமல், வீட்டுச் சாவியை மட்டும் மேடையில் வழங்கிப் படமெடுத்துக்கொள்வதை ஏற்க முடியாது. ஊராட்சி வாரியாக ஒப்படைப்பு ஆணைகளையும் கிராமக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இந்தச் சாரல் முடிவதற்குள் தொடங்கலாம்; மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களோடு வரட்டும், வழக்குக்கு உரியவற்றை நாம் எடுத்துக்கொள்கிறோம்.